குசினிப் புகையும் கணப்பு ஆசையும்: மேசன் பதில்கள்

(வீட்டுக்குள் எரியும் நெருப்பைப் பற்றி, அடுப்பு, விறகு, புகைக்கூடு, கணப்பு (குளிருக்கு அறையைச் சூடேற்றும் நெருப்புமாடம்) என்று எதை வேண்டுமானாலும் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களுக்குத் தருமபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மேசன் ஒருவர் பதில் தருகிறார். - ஆசிரியர்)

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவுக்குத் துரை பங்களாவில் வேலை. கணப்புக்கு விறகு பிளப்பதும், விடிய எழும்பிச் சாம்பல் அள்ளுவதும், புகைக்கூட்டுக்குள் தூரிகை விட்டுக் கரி இறக்குவதும் அவர் பாடு. துரைக்குக் கணப்பு, தொழிலாளர் இருந்த எங்கள் லயன் காம்பராவுக்குப் புகை. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தோம். இங்கே மேசன் வேலை பழகிக் கிணறும் குசினியும் கட்டினேன். இப்போது முழங்கால் ஏணியில் ஏற விடுவதில்லை. வாய்க்கு ஓய்வில்லை, கேளுங்கள்.

கே: ஐயா, எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. பின்பக்கம் பத்தி (சாய்ப்பு) இறக்கி, புகைக்கூட்டோடு விறகடுப்புக் கட்டினோம். மூட்டினால் பாதிப் புகை உள்ளேதான் நிற்கிறது. சோளகக் காற்று வீசும் நாளில் இருக்கவே ஏலாது. கட்டியவரைக் கேட்டால், "அடுப்பு புதிது, பழகச் சரியாகும்" என்கிறார். - செ. ப., முள்ளியவளை

ப: அடுப்பு என்ன புதுச் செருப்பா, பழகிப்போக? முதல் நாள் புகையை இழுக்காத புகைக்கூடு பத்தாம் வருடமும் இழுக்காது.

புகைக்கூடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பிழையை நீங்களே பிடிக்கலாம் பிள்ளை. சூடான காற்று பாரம் குறைந்தது, மேலே போகும். கூட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறதோ, கூடு எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு இழுவை. மேலே போகிற காற்றுக்குப் பதில் காற்று கீழே இருந்து வரவும் வேண்டும். இவ்வளவுதான் விசயம்.

நாளைக் காலை அடுப்பை மூட்டிவிட்டுக் கதவையும் யன்னலையும் நன்றாகத் திறந்து பாருங்கள். புகை நின்றுவிட்டால் கூட்டில் பிழையில்லை, குசினிக்குள் காற்று வர வழியில்லை என்று அர்த்தம். சுவரின் அடியில் இரண்டு கல்லைக் கழற்றிக் கம்பிவலை அடித்துவிட்டால் முடிந்தது.

நிற்கவில்லையா? வெளியே போய்க் கூட்டின் தலையைப் பாருங்கள். கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். அதோடு, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரையையும் சுவரையும்விட 2 அடி உயர்ந்திருக்கவும் வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குப் பட்டது இதுதான். பத்தி பதிவு, பெரிய வீடு உயரம். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. உங்கள் பத்தி வீட்டுக்கு வடக்கிலோ கிழக்கிலோ இருக்குமானால், காற்று பெரிய கூரையில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது நேரே உங்கள் புகைக்கூட்டு வாய்க்குள் விழும். புகை வேறு எங்கே போகும்? கூட்டை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். அவர் காசு கேட்டால், கட்டும்போதே உயர்த்தியிருக்க வேண்டும் என்று இந்த இதழைக் காட்டுங்கள்.

இன்னொன்று, கூட்டின் உள் அகலம். "பெரிதாக இருந்தால் நன்றாக இழுக்கும்" என்று இரண்டடிக்கு இரண்டடி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வெளிக்குள் புகை ஆறிப்போய் நடுவழியில் நின்றுவிடும். ஒரு குசினி அடுப்புக்கு உள்ளே 9 அங்குலச் சதுரம் போதும். உள்பக்கம் சாந்து வழிந்து முட்டாக நிற்காமல் ஒப்பமாக இருக்கட்டும்.

விடியப்புறம் கூடு குளிர்ந்து கிடக்கும். அடுப்பை மூட்டுவதற்கு முன் ஒரு காவோலையைக் கொளுத்திக் கூட்டின் அடிவாயில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். கூடு சூடேறி இழுக்கத் தொடங்கும். மைனா கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பத்திக்கு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டிருந்தால், கூடு உயர்த்தும் சாட்டில் அதைக் காய்ந்தபடி வாளால் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. கூடு போகும் இடத்தில் அந்தச் சீட்டை முழுதாகக் கழற்றிவிட்டுத் தகரம் போடுவது நல்லது.

கே: மாமி புகைக்கூடு வேண்டாம் என்கிறா. புகை பட்டால்தான் கூரை உளுக்காது, நுளம்பு வராது, பரணில் கட்டிய விதைச் சோளம் வண்டு பிடிக்காது என்று சொல்லுறா. - ஒரு மருமகள், பூநகரி

ப: மாமி சொன்ன மூன்றும் உண்மை. கிடுகுக் கூரை புகைபட்டால் கூடக் காலம் நிற்கும். அடுப்புக்கு மேலே தொங்கும் சோளப்பொத்தியை வண்டு தொடாது. ஆனால் கூரைக்குச் சுவாசப்பை இல்லை, மாமிக்கு இருக்கிறது. வீட்டுக்குள் விறகும் கரியும் சாணமும் எரித்துச் சமைக்கும் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம், நெஞ்சுச்சளி, கண்ணில் வெண்படலம். புகைக்குள் கூட நேரம் நிற்பது பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கிற பிள்ளைகளும்.

மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். விதையை வேப்பிலையோ சாம்பலோ போட்டு இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் வைத்துக் காட்டுங்கள். நுளம்புக்கு வலை இருக்கிறது. புகைக்கூடு கட்டியபின் அவவின் காலை இருமல் குறைகிறதா என்று பாருங்கள், பிறகு அவவே ஊருக்குச் சொல்லுவா.

கே: நான் 30 வருடமாகக் கனடாவில். ஓய்வுக்கு ஊரோடு வர, கிளிநொச்சித் திருவையாற்றில் மேல்மாடி வைத்து வீடு கட்டுகிறேன். இங்கே இருப்பது போல ஹோலில் விறகு எரிக்கும் கணப்பு ஒன்று வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். அங்கே கட்டத் தெரிந்தவர்கள் உண்டா? எதைக் கவனிக்க வேண்டும்? - க. ர.

ப: தம்பி, கிளிநொச்சியில் மார்கழி விடியலில்கூட வெக்கை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பங்குனி, சித்திரையில் நீங்கள் ஹோலில் இருந்துகொண்டு தேடப்போவது காற்றாடியை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தை மாசியில் புல்லில் உறைபனி விழும், அங்கே கணப்புக்கு வேலை இருக்கிறது. கணப்புக்கு ஒதுக்கிய காசில் ஒரு நல்ல குசினிப் புகைக்கூடு கட்டி, மிச்சத்தில் கூரையை இரண்டடி உயர்த்துங்கள் என்பதே என் புத்தி.

கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும். அதனால் கட்டும் முறையையும் சொல்கிறேன்.

கணப்பின் வாய்க்கும் கூட்டின் உள்வாய்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது கூட்டின் பரப்பு இருக்க வேண்டும். 30 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்றால் 720 சதுர அங்குலம். அதற்கு 72 வேண்டும். 9க்கு 9 விட்டால் 81, போதும். இங்கே படத்தைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் வாயை மாளிகை அளவுக்கு வைத்துவிட்டு மேலே ஆறு அங்குலக் குழாயைச் செருகிவிடுவார்கள். ஹோல் முழுக்கப் புகைதான்.

குழி ஆழமாக இருக்கக்கூடாது. பின்சுவர் ஒடுக்கமாகவும், பக்கச் சுவர்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து சாய்ந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் சூடு அறைக்குள் திரும்பும். 1790களில் ரம்ஃபோர்ட் பிரபு என்ற ஒருவர் கணக்குப் போட்டு நிறுவிய முறை இது. பழைய பங்களாக்களில் இந்தச் சாய்வைப் பார்க்கலாம். அப்பா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் சாய்வில்லாத கணப்பைக் கண்டால், "இது விறகு தின்னும், வெக்கை தராது" என்று சொல்லிவிடுவார்.

உட்சுவருக்கு நெருப்புச் செங்கல் வாங்குங்கள். வெறும் சீமெந்துப் பூச்சு சூட்டில் வெடித்து உதிரும். கணப்புக்கு முன்னால் குறைந்தது 16 அங்குலமும், இரண்டு பக்கமும் 8 அங்குலமும் கல்லோ ஓடோ பதித்த தரை வேண்டும். தணல் தெறித்து விழுவது அங்கேதான். புகைக்கூட்டுச் சுவருக்கும் கூரை மரத்துக்கும் இடையில் 2 அங்குல இடைவெளி விட வேண்டும். ஊரில் பாலைமரத் தீராந்தியைச் சுவரோடு ஒட்டி ஏற்றுவது வழக்கம். பல வருடம் சூடு பட்டுப் பட்டு மரம் கரியாகி, ஒரு நாள் தானே பற்றும். வாய்க்கு முன்னால் கம்பிவலைத் தட்டி, மேலே பொறி தடுக்கும் வலை, நெருப்பு அணைந்தபின் கூட்டை மூடுவதற்கு ஒரு இரும்புத் தட்டு. தணல் கிடக்கும்போது அந்தத் தட்டை மூடக்கூடாது. ஏன் என்பதை மல்லாவிக் கடிதத்துக்குச் சொல்லும் பதிலில் பாருங்கள்.

கட்டி முடித்த கையோடு பெருநெருப்புப் போட வேண்டாம். சாந்துக்குள் ஈரம் இருக்கும். ஒரு மாதம் காயவிட்டு, பிறகு சில நாட்கள் சுள்ளி நெருப்பு, அதற்குப் பிறகுதான் கட்டை.

கே: எந்த விறகு நல்லது? எதை எரிக்கக்கூடாது? - சி. த., ஒட்டுசுட்டான்

ப: ஒட்டுசுட்டான்காரர் என்னிடம் விறகு கேட்கிறார்! சரி.

நின்று எரிய, தணல் நிலைக்க, பாலையையும் வீரையையும் மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பாலையும் முதிரையும் நினைத்தபடி வெட்டவோ ஏற்றவோ முடியாத மரங்கள், அனுமதி வேண்டும். மரம் அரிந்த இடத்துத் துண்டு, விழுந்த கொப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். வேலிக்கு நட்ட சீமைக்கிளுவை நல்ல விறகு என்பது பலருக்குத் தெரியாது. வெட்ட வெட்டத் தழைக்கும், குழை ஆட்டுக்கும் வயலுக்கும், தடி அடுப்புக்கு. காணியைச் சுற்றிச் சீமைக்கிளுவை நிற்கிற வீட்டுக்காரி காட்டுக்குப் போகத் தேவையில்லை. மூட்டுவதற்குப் பன்னாடை, காவோலை, கொக்காரை. சிரட்டையும் ஊமலும் கடும் சூடு, அளவாகப் போடுங்கள். பொச்சுமட்டை ஈரமாக இருந்தால் புகையைத் தவிர ஒன்றும் தராது.

மரம் எதுவாக இருந்தாலும் முக்கியம் நன்றாகக் காய்ந்திருப்பதுதான். பச்சை விறகில் பாரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை எரித்தால் முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்கள், பிறகுதான் சோற்றை. நல்ல விறகில் ஈரம் நூற்றுக்கு 20க்குக் கீழே இருக்க வேண்டும். கருவி தேவையில்லை. இரண்டு கட்டையைத் தட்டினால் கணீர் என்ற சத்தம், தலைப்பில் வெடிப்பு, கையில் பாரக்குறைவு, உரித்தால் கழன்று வரும் பட்டை. நமக்கு வானம் தந்த நாட்காட்டி இருக்கிறது: மாசி பங்குனியில் வெட்டிப் பிளந்து, நிலத்தில் படாமல் இரண்டு தடிமேல் அடுக்கி, சோளகம் முழுக்கக் காயவிட்டு, புரட்டாசி முடிய முன் கூரைக்குள் ஏற்றிவிடுங்கள். பிளக்காமல் முழுக்கட்டையாகப் போட்டால் ஒரு வருடமும் காணாது. முழுதாகத் தறப்பாளால் மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்; மேலே மட்டும் மூடுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும். அடுக்கை வீட்டுச் சுவரோடு சாத்தாதீர்கள். கறையான் பின்னால் ஏறும், பாம்பு உள்ளே இருக்கும். இருட்டில் கைவிட்டு விறகு இழுக்காதீர்கள்.

எரிக்கக்கூடாதவை. களப்புக் கரையில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், புகையும் அப்படியே. நந்திக்கடல் பக்கத்துப் பழைய ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள், புதிதாகக் குடியேறியவர்கள்தான் "சும்மா காய்ந்து கிடக்குது" என்று எடுத்துவருவது. அலரியின் விதை மட்டுமில்லை, கொப்பும் நஞ்சு. எரித்தால் புகையோடு வரும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப் பலகை, மருந்தடித்த மரம் வேண்டாம். இன்னொன்று வன்னிக்கே உரியது: பழைய ரயில் சிலிப்பர் கட்டை. சண்டைக் காலத்தில் பங்கருக்குப் போட்டவை இன்னும் வளவுகளில் கிடக்கின்றன. தாரெண்ணெயில் ஊறிய மரம் அது, சுகமாகப் பற்றும், அதனால்தான் ஆசைப்படுகிறார்கள். அந்தப் புகையில் சமைத்த சோறு எனக்கு வேண்டாம்.

மரத்துக்குள் கிடக்கும் சன்னம் (துப்பாக்கி ரவை) அடுப்பில் வெடிக்குமா என்று பலர் கேட்பதுண்டு. அடித்துப் புதைந்த ஈயமும் இரும்புத் துண்டும் வெடிக்காது. ஆனால் அரியும்போது வாள்பல்லை உடைத்து முகத்தில் எறியும். சண்டை நடந்த பக்கத்துப் பனையையும் பாலையையும் அரியமுன் பட்டையில் பழைய காயத் தழும்பு தேடுங்கள். விறகு பொறுக்கப் போகும்போது மிதிவெடி மண்டையோட்டுப் பலகை, சிவப்புத் தடி கண்டால் ஒரு அடி எடுத்துவைக்க வேண்டாம், போன தடத்திலேயே திரும்புங்கள்.

கே: அடுப்பு பற்றாவிட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றலாமா? - வாசகர், பரந்தன்

ப: கூடாது. தணல் கிடக்கும் அடுப்பில் ஊற்றினால் எண்ணெய் ஆவியாகி ஒரே மூச்சில் பற்றி, கையில் இருக்கிற போத்தலுக்கு ஏறும். சொப்பின் (பிளாஸ்ரிக்) பையைக் கொளுத்தி மூட்டுவதும் கூடாது, அந்தப் புகை நஞ்சு. ஒரு பிடி காய்ந்த பன்னாடையும் விரல் மொத்தத்தில் சிராயும் எப்போதும் ஒரு பெட்டியில் வைத்திருங்கள்.

கே: வளவுக்குள் வெளியடுப்பு ஒன்று போட நினைக்கிறோம், கோயில் மடைக்கும் கலியாணத்துக்கும் உதவும். குழி தோண்டி அடுப்பு வைக்கலாமா? - ந. கு., புதுக்குடியிருப்பு

ப: கடைசிச் சண்டை நடந்த உங்கள் ஊர் என்பதால் இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். சமையலைப் பற்றி அல்ல, நிலத்தைப் பற்றி. மண்ணுக்குள் வெடிக்காமல் கிடக்கும் பொருளுக்குமேல் பெருநெருப்பு எரிந்தால், சூடு கீழே இறங்கி அது வெடிக்கலாம். குப்பை கொளுத்திய இடத்தில், காணி துப்புரவாக்கி வேர்க்கட்டை எரித்த இடத்தில் இப்படி நடந்திருக்கிறது. மிதிவெடி அகற்றிய காணி என்றாலும், கிண்டாத மூலையில் புதிதாகக் குழி தோண்டி நெருப்புப் போடாதீர்கள். வீடு கட்டும்போது அத்திவாரம் வெட்டிக் கிண்டிப் பார்த்த பக்கத்தில், நிலத்துக்குமேல் கல்லடுக்கி மேடை எழுப்பி, அதன்மேல் அடுப்பை வையுங்கள். கிண்டும்போது துருப்பிடித்த இரும்பு எது கண்டாலும் தட்டிப் பார்க்காதீர்கள், தூக்கி ஓரத்தில் வைக்காதீர்கள். ஆட்களை விலக்கி, அடையாளம் கட்டி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள், 119.

அடுப்புக் கல்லைப் பற்றியும் ஒன்று. குளத்திலிருந்து நனைந்த கல்லைத் தூக்கிவந்து உடனே நெருப்பில் வைத்தால் உள்ளே ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். வெயிலில் காய்ந்த கல்லை எடுங்கள்.

கே: மகள் நோர்வேயில். வீட்டுக்குள் இரும்புக் கணப்பில் விறகு எரிக்கிறாள். வீடியோவில் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கு என்ன சொல்லலாம்? - ஒரு தாய், நெடுங்கேணி

ப: அக்கா, நீங்கள் பயப்படுவது அந்தப் பெட்டிக்கு. அந்த நாட்டில் கவனிக்க வேண்டியது அதற்கு மேலே இருக்கிற கூடு. விறகு ஈரமாக இருந்தால், அல்லது இரவு முழுக்க நிற்கட்டும் என்று காற்றுவாயை அடைத்துப் புகையவிட்டால், புகை கூட்டுக்குள் ஆறி ஏறக்குறைய 120 பாகைக்குக் கீழே இறங்கும்போது தாராகச் சுவரில் படியும். முதலில் தூள், பிறகு செதில், கடைசியில் பளபளவென்று கறுத்த கண்ணாடி மாதிரிப் பூச்சு. அது தூரிகைக்கு வராது. ஒரு குளிர் நாளில் பெருநெருப்புப் போடும்போது அந்தத் தார் பற்றினால் கூட்டுக்குள் 1,000 பாகை வரை சூடு ஏறும். பெரிய இரைச்சல் கேட்கும், கூடு அதிரும். அப்போது தண்ணீர் ஊற்றக்கூடாது, சூடான கூடு வெடிக்கும். காற்றுவாயையும் கதவையும் அடைத்து, பிள்ளைகளோடு வெளியே வந்து தீயணைப்புக்கு அழைக்க வேண்டும். அங்கே 110. இலங்கையிலும் அதே எண்தான்.

நல்ல செய்தி, நோர்வேயில் புகைக்கூட்டைப் பரிசோதிப்பதும் துடைப்பதும் நகரசபையின் பொறுப்பு. ஆள் வீட்டுக்கே வருவார். புகை எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்புக் கருவியும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மகளிடம் கேட்க வேண்டியது மூன்று: கருவியின் பற்றரி எப்போது மாற்றினாய், துடைக்க ஆள் கடைசியாக எப்போது வந்தார், காபன் மொனொக்சைட்டைக் காட்டும் கருவி தனியாக இருக்கிறதா. மூட்டும்போது பெரிய கட்டையை அடியில் அடுக்கி, சிராயை மேலே வைத்து மேலிருந்து கொளுத்தச் சொல்லுங்கள். நமக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் கட்டையிலிருந்து எழும்பும் புகை மேலே எரியும் சுவாலைக்குள்ளால் போய் எரிந்துவிடும், கூட்டுக்குள் கரி குறையும்.

கே: பிள்ளை பெற்ற அறையில் தணல் சட்டி வைப்பது நல்லதா? அம்மம்மா மாரிக் குளிருக்குக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லுகிறா. - இளம் தாய், மல்லாவி

ப: வைக்க வேண்டாம் தங்கச்சி. இந்தக் கடிதங்களிலேயே என்னைக் கலங்க வைத்தது இதுதான். புகையில்லாத தணலில்தான் காபன் மொனொக்சைட் கூடுதலாக வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைசுற்று, வாந்தி, பிறகு நித்திரை. பிள்ளைப்பெற்ற களைப்பு என்று நினைத்துக்கொண்டே ஆள் போய்விடலாம். பச்சைக் குழந்தைக்கு இன்னும் விரைவு.

அம்மம்மாவின் காலத்தில் மண்வீடு, ஓலைக்கூரை, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் வெளி. காற்று போய்வந்தது. உங்கள் அறைக்குச் சீமெந்துச் சுவர், சீலிங், கண்ணாடி யன்னல். அதே சட்டி இப்போது வேறு வேலை செய்யும். சாம்பிராணி பிடிக்க வேண்டுமென்றால் முற்றத்தில் பிடியுங்கள். குளிருக்குக் கம்பளி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். தணல் வைத்த அறையில் யாருக்காவது தலையிடித்தால் கதவைத் திறந்து வெளியே தூக்கி, 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கே: சாம்பலை எத்தனை நாளுக்கொருமுறை அள்ளுவது? - வாசகி, கனகராயன்குளம்

ப: அடியில் ஒரு விரல் சாம்பல் கிடந்தால் நல்லது, தணல் நிற்கும். அதற்குமேல் அள்ளுங்கள். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் சாம்பலுக்குள் தணல் மூன்று நான்கு நாள் உயிரோடு இருக்கும். உரப்பையிலும் பிளாஸ்ரிக் வாளியிலும் அள்ளிப் பத்தி மூலையில் வைத்து, நடு இரவில் வீடு பற்றிய கதை நம் பக்கத்திலேயே உண்டு. மூடியுள்ள தகர வாளி, வெளியே, மண்தரையில். ஆறியபின் கத்தரிப் பாத்திக்குத் தூவலாம், அளவோடு. மண் ஏற்கெனவே உவரான காணிக்குப் போடவேண்டாம்.

கே: பிள்ளைக்கு அடுப்படியில் சுட்டுவிட்டால் பற்பசை பூசலாமா? - ம. யோ., செட்டிக்குளம்

ப: பற்பசை, மை, முட்டை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுப்புக்கு முன்னால் மூன்றடிக்குப் பிள்ளை வராமல் ஒரு மரத் தட்டி அடிப்பது மேசன் வேலைகூட இல்லை, நீங்களே அடிக்கலாம். நைலோன் சட்டை உருகி உடம்பில் ஒட்டும்; சமைக்கும்போது பருத்தி உடுங்கள்.

கே: உங்கள் வீட்டில் காஸா, விறகா? - குறும்புக்காரன், வவுனியா

ப: இரண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் வன்னி முழுக்க விறகில்தான் சமைத்தது. 2022இல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கொழும்புக்காரரும் விறகு தேடினார்கள். அதனால் எங்கள் வீட்டுக்காரி விறகடுப்பை இடிக்க விடவில்லை. இரண்டு பானை வைக்கிற அனகி மண்ணடுப்பைச் சுற்றிக் களிமண்ணும் உமியும் குழைத்து மொத்தமாகப் பூசிக் கொடுத்திருக்கிறேன். மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகத் தின்னும், சோறு வேகும்போதே பின்பானையில் தண்ணீரும் சுடும்.

இரண்டையும் வைத்திருக்கிறவர்கள் காஸ் சிலிண்டரை விறகடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையோடு ஊர்ந்து தணலைத் தேடிப் போகும். எங்களுடையது சுவருக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்கிறது. குழாய் மட்டும் உள்ளே வருகிறது. அந்தக் குழாயையும் சவர்க்கார நுரை தடவி இடைக்கிடை பாருங்கள். குமிழி வந்தால் றெகுலேற்றரை மூடிவிட்டு, அன்றைக்கு விறகில் சமையுங்கள்.